சுவருக்குப் பின்னால் எவ்வளவு இரும்பு?

வாசகர் கேள்வி: செவ்ரலே 350 கன அங்குல வி8 இன்ஜினை 383 ஆகக் கட்டப் போகிறேன். மேலே சூப்பர்சார்ஜர் வைத்து 600 குதிரைத்திறன் எடுக்க ஆசை. பழைய வார்ப்பிரும்பு பிளாக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஏற்கெனவே 30 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) போர் போட்டது, அதாவது சிலிண்டரை அந்த அளவு குடைந்து அகலமாக்கியது; நான்கு போல்ட் மெயின் கேப் (கிராங்க் தண்டை அடியிலிருந்து பிடிக்கும் மூடி). டைமிங் கவருக்கு உள்ளே 010, 020 என்று எண் இருப்பதால் நிக்கல் அதிகம், உறுதியான பிளாக் என்கிறார் விற்பவர். ஓடிப் பழுத்த இரும்பு புதுசை விட நல்லது என்றும் சொல்கிறார். இதையே எடுக்கலாமா, புதிதாக வார்த்த ரேஸ் பிளாக் வாங்கலாமா, இல்லை அலுமினியத்துக்குப் போய்விடலாமா? பிஸ்டனும் கிராங்க்கும் இந்த வாரம் ஆர்டர் போட இருக்கிறேன்.

பதில்:

முதல் காரியமாக அந்த பிஸ்டன் ஆர்டரை நிறுத்தி வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஏன் என்று கேட்டால், இதே மாதிரி ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். கையில் பிளாக், கூடவே பெட்டி பிரிக்காத எட்டு ஃபோர்ஜ்டு பிஸ்டன். "போர் போட்டு ஹோன் பண்ணிக் கொடுத்தால் போதும்" என்றார். ஹோன் என்றால் போர் போட்ட சுவரைக் கல்லால் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது. சுவர் தடிமனை அளக்காமல் மெஷினில் ஏற்ற மாட்டேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அளந்தோம். இடது வரிசையில் 1, 3 சிலிண்டர்கள் இரண்டும் நன்றாக இருந்தன. 5இல் ஒரு பக்கம் இளைக்க ஆரம்பித்தது. 7க்கு வந்தபோது த்ரஸ்ட் பக்கம் (பிஸ்டன் அழுந்தும் பக்கம்) 2.6 மி.மீ., நேர் எதிர்ப்பக்கம் 6.1 மி.மீ. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 4.35, தாராளமான சுவர்தான். ஆனால் இரும்பு தேவையில்லாத பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. அந்த பிளாக்கை நான் போர் போடவில்லை. பிஸ்டன் பெட்டி ரொம்ப நாள் அவர் வீட்டில் தூங்கியது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் விற்பவர் சொல்வதில் எதை நம்பலாம், எதை விடலாம் என்பது தானாகப் பிடிபடும். பிளாக்கில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடம் இருக்கிறதே, அதைக் குடைந்து எடுப்பதில்லை. அந்த வடிவத்துக்கே மணலால் ஒரு கோர் செய்து அச்சுக்குள் நிறுத்திவைத்து, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். உருகிய இரும்பு தண்ணீரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். மணல் கோரோ தண்ணீரைப் போல இரண்டு மடங்குகூட வராது. ஆக, இரும்பு உள்ளே பாயும்போது கோர் மிதக்கப் பார்க்கும். பிடிமானத்தில் கொஞ்சம் தளர்ச்சி இருந்தாலும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தோ சாய்ந்தோ நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு மெஷினில் ஏற்றி சிலிண்டரைக் குடையும்போது கிராங்க் மையத்தை வைத்து இருக்க வேண்டிய இடத்தில் சரியாகக் குடைவார்கள். ஓட்டை சரியான இடத்தில் இருக்கும், ஓட்டைக்குப் பின்னால் இருக்கிற இரும்பு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் இளைத்தும் போயிருக்கும்.

உங்கள் பிளாக்கில் 30 தௌ போர் போட்டிருக்கிறது என்று தயங்குகிறீர்கள். 30 தௌ என்பது விட்டத்தில் 0.76 மி.மீ. பக்கத்துக்கு 0.38தான் போயிருக்கிறது. கோர் நகர்ந்ததால் போவது அதைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்குகூட இருக்கலாம். 60 தௌ போட்ட பிளாக் ஒன்று, போரே போடாத இன்னொன்றை விடத் தடித்த சுவரோடு இருந்து நான் பார்த்திருக்கிறேன். முன்பு எத்தனை முறை போர் போட்டார்கள் என்ற கேள்வி இரண்டாம்பட்சம். வார்க்கும்போது கோர் நேராக நின்றதா என்பதுதான் முதல் கேள்வி.

சரி, அந்த 010, 020 விஷயம். ஒன்று தகரம் ஒரு சதவீதம், மற்றது நிக்கல் இரண்டு சதவீதம் என்று பல காலமாக ஒரு கதை ஓடுகிறது. இத்தனைக்கும் அந்தக் காலத்து 350 பிளாக்குகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் வார்ப்பு எண் 3970010. அதன் கடைசி மூன்று இலக்கமே 010தான். அந்த எண்ணிலேயே இரண்டு போல்ட் பிளாக்கும் வந்திருக்கிறது, நான்கு போல்ட் பிளாக்கும் வந்திருக்கிறது. வார்ப்பு எண் எந்த அச்சுக் குடும்பம் என்பதைச் சொல்லும். இந்தக் குறிப்பிட்ட பிளாக் ஊற்றப்பட்ட அன்று கோர் எப்படி நின்றது, இரும்பு எவ்வளவு வேகத்தில் ஆறியது என்பதையெல்லாம் சொல்லாது. நிக்கல் இருந்தால் இருக்கட்டும். சாம்பல் வார்ப்பிரும்பின் பலத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கரி, சிலிக்கன் அளவும், ஆறும் வேகமும், அதனால் உள்ளே கிராஃபைட் எப்படிப் படிந்தது என்பதும்தான். எண்ணை அடியோடு ஒதுக்கவும் சொல்லவில்லை. கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசலில் பக்கவாட்டில் 53 என்று வார்த்திருக்கும் பிளாக்குகள் தண்ணீர்ச் சுவரில் விரிசல் விடுவதற்குப் பெயர் போனவை. எண் எச்சரிக்கைக்கு உதவும், உத்தரவாதத்துக்கு உதவாது.

ஆகவே வாங்குவதற்கு முன் சோனிக் டெஸ்ட். மீயொலியை ஒரு முனை வழியாகச் சுவருக்குள் அனுப்பி, பின்பக்கம் மோதித் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துத் தடிமன் சொல்லும் கருவி அது. ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரம். ஒவ்வொரு உயரத்திலும் நான்கு திசை. எட்டு சிலிண்டருக்கு 96 அளவு. அத்தனையும் தாளில் எழுதி வாங்குங்கள். "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்கிற வாய்ப்பேச்சு அளவாகாது.

இதில் ஒரு ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது; வேண்டுமென்றே செய்வதில்லை, தெரியாமல் நடப்பது. எஃகில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் வேகத்தில் போகும். சாம்பல் வார்ப்பிரும்பில் அதைவிடக் குறைவு, அதுவும் வார்ப்புக்கு வார்ப்பு மாறும். கருவியை எஃகுக்கு வைத்த அளவிலேயே விட்டுவிட்டு, ஒலி 4,700 மீட்டர் வேகத்தில் போகும் இரும்பை அளந்தால், 4 மி.மீ. சுவர் 5 மி.மீ. என்று திரையில் காட்டும். உங்கள் விஷயத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் மொத்த வித்தியாசமே. அதனால் அளப்பவர் உங்கள் பிளாக்கிலேயே இரண்டு பக்கமும் கை போகும் ஒரு இடத்தை, உதாரணத்துக்கு அடியில் ஆயில் சம்ப் உட்காரும் விளிம்பை, மைக்ரோமீட்டரில் அளந்து கருவியை அதற்குச் சரிசெய்த பிறகுதான் தொடங்க வேண்டும். கூட நின்று பாருங்கள். அதைச் செய்யாமல் நேரே சிலிண்டருக்குள் முனையை வைத்தால், நிறுத்திக் கேளுங்கள்.

எந்தப் பக்கச் சுவர் முக்கியம்? பற்றவைப்பு நடந்து பிஸ்டன் இறங்கும்போது கனெக்டிங் ராட் சாய்ந்திருப்பதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அழுந்தும். முன்னால் நின்று பார்க்கும்போது கிராங்க் கடிகாரச் சுற்றில் சுற்றினால், உங்கள் இன்ஜின் அப்படித்தான் சுற்றும், அழுந்துவது உங்களுக்கு இடப்பக்கச் சுவரில். இரண்டு வரிசைக்கும் அதே பக்கம்தான். சூப்பர்சார்ஜரோடு 600 குதிரைத்திறன் என்றால் அந்தச் சுவரில் 5 மி.மீ. கேட்பேன், மற்ற பக்கங்களில் 3.5க்குக் கீழே போனால் வேண்டாம் என்பேன். சூப்பர்சார்ஜர் இல்லாத 400 குதிரைத்திறன் இன்ஜினுக்கு த்ரஸ்ட் பக்கம் 4, மற்ற பக்கம் 3 இருந்தால் மனசாட்சி உறுத்தாமல் கட்டித் தருவேன். இது என் கணக்கு. இன்னொருவர் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே சொல்லலாம். இளைத்த சுவர் உடனே உடைந்துவிடும் என்று இல்லை. முதலில் வட்டம் குலையும், ரிங் சீல் பண்ணாது, கிராங்க்கேஸுக்குள் காற்று ஏறும், ஆயில் எரியும். நீங்கள் ரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கருவி கிடைப்பதற்கு முன் கண்ணால் ஒரு சோதனை செய்யலாம். பிளாக்கின் முன்பக்கம் கேம் ஷாஃப்ட் ஓட்டையைச் சுற்றி வார்த்த ஒரு வளையம் இருக்கும். ஓட்டை அதன் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வால்வைத் தூக்கும் லிஃப்டர்களின் ஓட்டைகளையும் இதே மாதிரி. நன்றாக ஒதுங்கியிருந்தால் அதோடு விட்டுவிடலாம், டெஸ்டுக்குச் செலவு செய்ய வேண்டாம். நடுவில் இருந்தால் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர்க் கோர் வேறு, இது வேறு.

சுவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆனால் 600 குதிரைத்திறனில் இந்த பிளாக் முதலில் கை விரிக்கும் இடம் பெரும்பாலும் அடியில்தான். மெயின் கேப்பைக் கழற்றி, அது பிளாக்கோடு உட்காரும் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெஷின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. கோடு அழிந்து, மங்கலான சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகக் குழி விழுந்து, ஆங்காங்கே பளபளத்தால் அந்த கேப் ஓட்டத்தில் நகர்ந்திருக்கிறது. கேப் நடக்கிறது என்போம். நடந்த கேப்புக்கு மேலே போல்ட் ஓட்டையின் அடியிலிருந்து வெப்பில் (கேப்பைத் தாங்கும் குறுக்குச் சுவரில்) மயிரிழை விரிசல் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாது, மேக்னாஃப்ளக்ஸ் (காந்தத்தால் விரிசலைக் காட்டும் சோதனை) பார்த்தே ஆக வேண்டும்.

நான்கு போல்ட் என்பதைப் பெரிய தகுதியாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் அவ்வளவு மயக்கம் இல்லை. கம்பெனி நான்கு போல்ட் பிளாக்கில் வெளிப்பக்க இரண்டு போல்ட்டும் நேராக இறங்குகின்றன, வெப்பில் இரும்பு அதிகமில்லாத இடத்தில். அதைவிட இரண்டு போல்ட் பிளாக் ஒன்றை எடுத்து, வெளிப் போல்ட்கள் சாய்ந்து சம்ப் விளிம்புப் பக்கம் கனமான இரும்பில் இறங்கும் எஃகு கேப் போட்டு, லைன் போர் (மெயின் ஓட்டைகளை ஒரே நேர்கோட்டில் குடைவது) பண்ணுவதையே பல பட்டறைக்காரர்கள் விரும்புவார்கள். நானும் அந்தக் கட்சி. ஆனால் கேப், லைன் போரிங், லைன் ஹோனிங் என்று கூலியைக் கூட்டிப் பாருங்கள். பழைய பிளாக் மலிவு என்கிற கணக்கு அங்கேதான் உடையும்.

"ஓடிப் பழுத்த இரும்பு" என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. வார்ப்பு ஆறும்போது மெல்லிய பகுதி முதலில் ஆறி, தடித்த பகுதி பிறகு ஆறுவதால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். அது நாளாவட்டத்தில், சூடாகிச் சூடாகி ஆறும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். பிளாக் சற்றே கோணும். அதற்குப் பிறகு மெஷின் பண்ணினால் அளவு நிலைக்கும். 1983இல் நெல்சன் பிக்கே உலக சாம்பியன் ஆன பிராபம் காரில் இருந்த 1.5 லிட்டர் பிஎம்டபிள்யூ டர்போ இன்ஜின், சாலைக் கார்களில் வந்த எம்10 வார்ப்பிரும்பு பிளாக்கின் வழிவந்ததுதான். நன்றாக ஓடிய பழைய பிளாக்குகளைத் தேடி எடுத்தார்கள் என்ற கதை அதைச் சுற்றித்தான் பிறந்தது. ஆனால் அவர்கள் கையில் பொறுக்கி எடுக்கக் குவியலாக பிளாக் இருந்தது. உங்கள் கையில் இருப்பது ஒன்று. தவிர, நல்ல வார்ப்பாலைகள் பிளாக்கை அச்சுக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டோ, பிறகு உலையில் வைத்தோ அந்த இழுவிசையை எடுத்துவிடுகிறார்கள். பழுக்கிற காலத்தில் துருவும் சேர்ந்தே பிடிக்கிறது என்பதை விற்பவர் சொல்ல மாட்டார். தண்ணீர்ப் பக்கம் துரு தின்ற குழி சோனிக் முனைக்கு நேராக மாட்டாமல் தப்பிவிடும். அதனால் பழைய பிளாக் எதுவானாலும் நன்றாகச் சுத்தம் செய்த பிறகு பிரஷர் டெஸ்ட் தனியாகச் செய்ய வேண்டும்.

இனி புதிய வார்ப்பு. உங்கள் இலக்குக்கு என் பதில் இதுதான்: புதிதாக வார்த்த இரும்பு பிளாக், எஃகு மெயின் கேப்போடு. பெயரையும் விளம்பரப் படத்தையும் விட்டுவிட்டு விற்பவரிடம் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். அதிகபட்ச போரில் குறைந்தபட்சச் சுவர் எவ்வளவு என்று உத்தரவாதம் தருகிறார்கள்? இரும்பின் இழுவலிமை என்ன, பிரினெல் கடினம் என்ன? சாதாரண சாம்பல் இரும்பு 200 முதல் 250 மெகாபாஸ்கல் வரை நிற்கும். ரேஸ் பிளாக் என்று விற்பவர் அதற்கு மேலே ஒரு எண் சொல்லியாக வேண்டும். மெயின் பேரிங்குக்கு ஆயில் முதலில் போகிறதா? பழைய பிளாக்கில் ஆயில் கேம் பேரிங்கைச் சுற்றிவிட்டுத்தான் கிராங்க்குக்கு இறங்கும். புதிய ரேஸ் வார்ப்புகள் பலவற்றில் மெயினுக்குத்தான் முதல் பங்கு. கிராங்க்கின் பின்பக்க சீல் ஒற்றைத் துண்டா, இரண்டு துண்டா என்றும் கேளுங்கள். 1986இல் அது மாறியது. அதைப் பார்த்துத்தான் கிராங்க் வாங்க வேண்டும்.

இந்த வார்ப்புகளில் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒட்டியே இருக்கும், நடுவில் தண்ணீர் போகாது. பயப்பட வேண்டாம், இது பலம்தான். செவ்ரலேயின் 400 பிளாக்கும் அப்படித்தான். அங்கே நீராவி தேங்காமல் வெளியேற பிளாக்கிலும் ஹெட்டிலும் சிறு துளைகள் உண்டு. நீங்கள் வாங்கும் பிளாக்கில் அந்தத் துளை இருந்தால், ஹெட்டிலும் போட வேண்டுமா என்று தயாரித்தவரின் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுசு என்றால் அப்படியே கட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதையும் சோனிக் டெஸ்ட் செய்யுங்கள், கோர் நகர்வது புதிய ஆலையிலும் நடக்கும். சிலிண்டர் கடைசி ஹோனிங்குக்கு இடம் விட்டே வரும். மெயின் ஓட்டை, லிஃப்டர் ஓட்டை, டெக் (ஹெட் உட்காரும் மேல்முகம்) உயரம் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். ஆயில் வழிகளின் பிளக் அத்தனையையும் கழற்றி நீளப் பிரஷ் விட்டுச் சுடுசோப்பு நீரில் கழுவுங்கள். தண்ணீர் வழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கோர் மணல் கட்டியாக ஒட்டியிருக்கும், சில சமயம் கோருக்குள் வைத்த கம்பித் துண்டுகூடக் கிடக்கும். ஒருமுறை விரல் நீளக் கம்பியை இடுக்கியால் இழுத்து எடுத்திருக்கிறேன். நல்ல பெயரெடுத்த வார்ப்புதான் அதுவும்.

அலுமினியத்தைப் பற்றிச் சுருக்கமாக. அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சுவரைத் தடிக்க வைத்தாலும் பிளாக் எடை பாதியளவு குறையும். முன் அச்சின் எடைதான் உங்கள் தலைவலி என்றால் யோசிக்கலாம். ஆனால் விறைப்பு இரும்பை விடக் குறைவு, சூட்டில் விரிவது இரும்பைப் போல இரண்டு மடங்கு. குளிரில் வைத்த பேரிங் இடைவெளி சூட்டில் கூடிவிடும். வால்வ் இடைவெளியும் அப்படியே. ஸ்லீவ் (சிலிண்டருக்குள் பொருத்தும் உறை) கசிவு, வார்ப்பில் நுண்துளை என்று கவனிக்க வேண்டியது கூடுகிறது. அதில் ஒரு நன்மை, ஸ்லீவ் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம், பிளாக் பிழைக்கும். எடையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதனால் இரும்பே போதும்.

பழைய பிளாக்கைத் துரத்திவிடச் சொல்லவில்லை. கேப் முகம் சுத்தமாக இருந்து, விரிசல் இல்லாமல், சோனிக் தாளில் த்ரஸ்ட் பக்கம் 4 மி.மீ., மற்ற பக்கம் 3 கிடைத்தால், சூப்பர்சார்ஜர் இல்லாத 400 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது அருமையான பிளாக். கட்டி ஓட்டலாம்.

இப்போது பிஸ்டன். புதிய பிளாக் வந்தால் 4.125 அங்குலம் வரை போர் போடலாம் என்று ஆசை காட்டுவார்கள். 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்கோடு அது 401 கன அங்குலம் வரும், 4.030இல் 383தான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 4.000இலிருந்து 4.125க்குப் போவதில் பக்கத்துக்கு 1.6 மி.மீ. இரும்பு சீவலாகக் கீழே விழுகிறது, எதற்குக் காசு கொடுத்தீர்களோ அதே இரும்பு. காற்றை அழுத்தி ஏற்ற சூப்பர்சார்ஜர் இருக்கும்போது அந்த 18 கன அங்குலத்துக்காகச் சுவரை இளைக்க வைக்க மாட்டேன். 4.030இலேயே நில்லுங்கள். சோனிக் தாள் கையில் வந்ததும் அந்த அளவுக்கு பிஸ்டன் ஆர்டர் போடுங்கள். பிஸ்டன் வந்த பிறகு ஒவ்வொன்றையும் அளந்து, எந்த பிஸ்டன் எந்த சிலிண்டருக்கு என்று எண் போட்டு, டெக் மேல் டார்க் பிளேட்டை (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகட்டை) ஹெட்டுக்குப் போடும் அதே போல்ட், அதே கேஸ்கெட், அதே முறுக்கோடு இறுக்கி, அதன் பிறகே கடைசி ஹோனிங். டார்க் பிளேட் இல்லை, பரவாயில்லை என்கிற பட்டறையாக இருந்தால் பிளாக்கை வண்டியிலிருந்தே இறக்காதீர்கள்.